மாசி வீதியும் என் நாலாம் அத்தியாயமும்

எழுத்தாளனுக்கு வருகிற பாராட்டுக் கடிதங்களால் தொந்தரவு இல்லை. நன்றி எழுதிவிட்டுப் பெட்டியில் போட்டுவிடலாம். வசைக் கடிதங்களாலும் தொந்தரவு இல்லை, கிழித்துப் போட்டுவிடலாம். இரண்டிலும் சேராத கடிதம் ஒன்று எனக்கு வந்தது. மூன்று மாதம் மேஜை மேலேயே கிடந்தது. எழுதியவர் மதுரைக்காரர். எழுபது வயதைத் தாண்டியவர். புது மண்டபத்தில் முப்பத்தெட்டு வருஷம் தையல் மெஷின் மிதித்தவர். கண் மங்கிவிட்டதால் பேத்தி படிக்க, என் நாவல் ஒன்றைக் கேட்டிருக்கிறார். கடிதமும் பேத்தியின் கையெழுத்துத்தான்.

நாவலின் நாலாம் அத்தியாயத்தில் கதாநாயகன் ஒரு மாலை வேளையில் கீழ கோபுரத்தை விட்டு வெளியே வந்து, எதிரே இருக்கும் புது மண்டபத்துக்குள் நுழைகிறான். தூண்களின் யாளிகள் மேல் சாய்ந்த வெயில் விழுகிறது. தையல் மெஷின்களின் ஓசை ஒரு சங்கீதம் போல எழுகிறது. பழைய பாத்திரங்களின் மஞ்சள் ஒளியில் காலம் உறைந்து நிற்கிறது. இப்படி மூன்று பக்கம். அந்த மூன்று பக்கத்தையும் எழுதி முடித்த அன்று நானே எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். அவ்வளவு திருப்தி.

பெரியவர் எழுதியிருந்தது சுருக்கமானது. அந்த மண்டபத்தில் அவர் சங்கீதம் எதுவும் கேட்டதில்லையாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே நிமிர்ந்து பார்க்கிற வழக்கமே அங்கே யாருக்கும் கிடையாதாம்; அது காஜா எடுக்கிற நேரம், வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும். யாளியின் பல்லில் அவர் அளவு நாடாவைத் தொங்க விட்டிருந்தார். அது யாளி என்பதே கடைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் படம் எடுத்தபோதுதான் மனத்தில் பட்டதாம். 'எழுதியவர் எங்களிடம் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும்' என்று கடிதம் முடிந்திருந்தது.

கோபம் வந்தது என்பதை மறைப்பானேன்? வர்ணனை என்பது எழுத்தாளனின் உரிமை, தையற்காரருக்குக் கேட்காத சங்கீதம் எனக்குக் கேட்கக் கூடாதா என்று மனத்துக்குள் வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். மூன்று பக்கத்தில் ஒரு மனிதனாவது ஒரு பொருளை வாங்குகிறானா, விற்கிறானா, கடன் சொல்கிறானா, அளவு கொடுக்கிறானா என்று தேடினேன். ஒருவனும் இல்லை. மண்டபம் இருக்கிறது, அதில் யாருக்கும் வேலை இல்லை. என் கதாநாயகனுக்கும்தான்.

இது என் ஒருவனுடைய குற்றம் மட்டும் அல்ல என்று தோன்றுவதால்தான் இதை எழுதுகிறேன். பழைய ஊர்களின் பழைய தெருக்களைப் பற்றி நாம் எழுதுகிற விதத்திலேயே ஏதோ கோளாறு இருக்கிறது. அந்தத் தெருக்களைப் புதுப்பிக்கிறவர்களிடமும் அதே கோளாறு இருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

நம் இலக்கியத்தில் தெருவை எழுதத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெருவையும் இரவுக் கடைத்தெருவையும் தனித்தனியே சொல்கிறார். நாளங்காடி, அல்லங்காடி என்று இரண்டுக்கும் இரண்டு பெயர். ஒரே ஊரில் பொழுது மாறினால் வியாபாரமும் ஆட்களும் மாறுவதைக் கவனித்த கண் அது. ஆனால் எனக்கு இதில் குரு இளங்கோவடிகள்தான். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையைப் பள்ளியில் படித்தபோது எனக்கு அலுப்புத் தட்டியது. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் மதுரையைப் பார்க்கப் போகிறான். கதை நகராமல் மணிகளின் குற்றமும் குணமும், நால்வகைப் பொன், துணிக்கடை, தானியக் கடை என்று வரிசையாக வருகிறது. கதாசிரியர் எதற்காக இத்தனை நேரம் கடைத்தெருவில் நிற்கிறார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

பெரியவரின் கடிதத்துக்குப் பிறகு படித்தபோது புரிந்தது. பார்க்கிறவன் யார்? வணிகர் குலத்தில் பிறந்து, கைப்பொருளை எல்லாம் தொலைத்துவிட்டு, மனைவியின் சிலம்பை முதலாக வைத்துத் தொழில் தொடங்கலாம் என்று வந்திருப்பவன். அவன் கடைத்தெருவை அழகுக்காகப் பார்க்கவில்லை. எந்தச் சரக்கு எங்கே போகிறது, எங்கே நுழையலாம் என்று பார்க்கிறான். வைரத்தின் குற்றம் குணம் எல்லாம் அவன் கண்ணில் படுவது அதனால்தான். அடுத்த தடவை அதே கடைத்தெருவுக்குச் சிலம்போடு வருகிறபோது பொற்கொல்லன் எதிரே வருகிறான். அந்தத் தெருவில் கோவலனுக்கு உயிரே பணயம். முதல் தடவை அவ்வளவு விவரமாக நாம் சுற்றிப் பார்த்திராவிட்டால் இரண்டாம் தடவை நமக்கு அவ்வளவு பயம் வராது. இளங்கோ சொன்ன தெரு இன்றைய எந்தத் தெரு என்று தேடிக்கொண்டு போவது வீண் வேலை. தெற்கு ஆவணி மூல வீதியில் இன்றைக்கும் வரிசையாக நகைக்கடைகள் இருக்கின்றன. கையில் ஒரு ஜோடி வளையலை மடித்து வைத்துக்கொண்டு, எந்தக் கடைப்படி ஏறலாம் என்று தயங்கி நிற்கிற ஒருவரைப் பார்த்துவிட்டால் போதும். ஊர்காண் காதைக்கு வேறு உரை வேண்டாம்.

சரி, மதுரையின் தெருக்கள் எப்படிப்பட்டவை? கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தவை என்பது எல்லோருக்கும் தெரியும். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. கடைசியில் வெளி வீதி. தமிழ் மாதங்களின் பெயரை வீதிகளுக்கு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, வழிகாட்டிப் புத்தகங்கள் அதோடு நிறுத்திக்கொள்ளும். நிறுத்தக் கூடாத இடம் அதுதான். சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடுவதில்லை. மாசி வீதியில் ஓடுகிறது. மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் காலத்தில் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு சேர்த்தார்கள் என்பார்கள். மாதம் மாறியது; தெரு மாறவில்லை. அவ்வளவு பெரிய தேர் திரும்புவதற்கு உள்ளே இடம் போதாது. தேர் வரும் நாளில் கடைக்காரர்கள் பந்தலையும் பலகையையும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மறுநாள் மெல்ல மெல்ல வெளியே விடுவார்கள். மாசி வீதியின் அகலத்தை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியதில் சட்டத்தை விடத் தேருக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே மாதப் பெயர் இல்லாத இரண்டு வீதிகள் உண்டு. ஒன்று மாரட் வீதி. இன்னொன்று பெருமாள் மேஸ்திரி வீதி. மாரட் வீதி என்பது மராட்டியர் வீதி என்று கல்லூரி நாள் வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மதுரைக்கு எப்போது மராட்டியர் வந்து குடியேறினார்கள் என்று ஒரு கதைகூட மனத்தில் கட்டியிருந்தேன். மாரட் என்பவர் ஒரு வெள்ளைக்கார சர்வேயர் என்று அறிந்தபோது அந்தக் கதை போயிற்று. அதைவிட நல்ல கதை கிடைத்தது.

மதுரையைச் சுற்றிக் கோட்டையும் அகழியும் இருந்தன. நாயக்கர் காலத்துக் கோட்டை. காவலுக்குப் பயன்பட்ட காலம் போய், கும்பினி ஆட்சியில் அது ஊருக்கு வெறும் இடுப்புக் கயிறாகிவிட்டது. உள்ளே ஜனநெருக்கம், அகழியில் சேறும் ஜுரமும். 1840-களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். பெருஞ்செலவு பிடிக்கும் காரியம். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. மதிலைத் துண்டு துண்டாகப் பிரித்தார். யார் எந்தத் துண்டை இடித்து மட்டமாக்குகிறார்களோ அவர்களுக்கு அந்த மண்ணில் இடம் என்றார். சனங்களே கடப்பாரையோடு வந்தார்கள். அப்படிப் பிறந்தவைதான் வெளி வீதிகளும் அவற்றை ஒட்டிய வீதிகளும். அளந்து கொடுத்த மாரட்டின் பெயர் ஒரு வீதிக்கு. வேலையை மேற்பார்த்த பெருமாள் என்ற மேஸ்திரியின் பெயர் இன்னொரு வீதிக்கு. கலெக்டருக்கு வீதி இல்லை. ஊர்க்காரர்கள் அவருக்கு ஒரு விளக்குத் தூண் நட்டார்கள். அவர் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. இடத்துக்கு மட்டும் விளக்குத்தூண் என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு மேஸ்திரியின் பெயரைத் தாங்கி நிற்கும் வீதி நம் நாட்டில் எத்தனை ஊரில் இருக்கிறது? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனாலும் சந்தோஷத்தோடு ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும். மதிலை இடித்தவன் கையிலேயே அந்த மண் தங்கியதா, அல்லது கூலி கொடுத்து இடிக்கச் செய்தவன் கைக்குப் போனதா? நாவலாசிரியன் கேட்க வேண்டிய கேள்வி அது. கோட்டை இடிபட்ட கதையைத் தமிழில் நாவலாக எழுதியவர் சு. வெங்கடேசன். 2008-இல் வந்த 'காவல் கோட்டம்', மதிலைக் கல்லாகப் பார்க்காமல் காவலாகப் பார்த்தது என்பதுதான் அதன் பலம். ஊர்க்காவல் என்பது ஒரு கூட்டத்தாரின் பிழைப்பு, உரிமை, மானம். மதில் விழும்போது அவை எல்லாம் என்னவாகின்றன என்ற கேள்வி அந்தப் பெரிய புத்தகம் முழுவதும் ஓடுகிறது. அங்கங்கே விவரங்களின் பாரம் கதையை அமுக்குகிறது என்பது என் குறை. இருக்கட்டும். என் நாலாம் அத்தியாயத்தைப் போல அதில் யாரும் சும்மா நிற்கவில்லை.

இன்னொருவர் ஜி. நாகராஜன். 1974-இல் வெளிவந்த 'நாளை மற்றுமொரு நாளே' கந்தன் என்ற ஒருவனுடைய ஒரே ஒரு நாளின் கதை. தெருவை வர்ணிப்பதற்காக நாகராஜன் எங்கேயும் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. கந்தன் நடக்கிறான், தெரு கூட வருகிறது. எந்தத் திருப்பத்தில் யாரிடம் எவ்வளவு கடன், யாரிடம் என்ன பேரம் என்பதுதான் அவனுக்குத் தெருவின் வரைபடம். இந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தால் நான் மூன்று பக்கத்தை மிச்சப்படுத்தியிருப்பேன்.

இனி இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். 2016-இல் மதுரை சீர்மிகு நகரங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வேலை தொடங்கியது. சித்திரை வீதிகளில் கல் பாவினார்கள். மாசி வீதிகளைத் தோண்டிக் கால்வாயும் நடைபாதையும் போட்டார்கள். பழைய காய்கறி மார்க்கெட் இருந்த இடத்தில் கார்கள் நிறுத்த அடுக்குமாடி எழுந்தது. இதற்கு நடுவே 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கடைகள் எரிந்தன, கல் விதானம் விழுந்தது. மண்டபங்களில் கடைகள் இருக்கலாமா என்ற பழைய கேள்விக்கு அந்தத் தீ ஒரே இரவில் பதில் சொல்லிவிட்டது. புது மண்டபத்துக் கடைகள் 2022-இல் அருகே கட்டப்பட்ட குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாறின.

இதையெல்லாம் எதிர்த்து ஒப்பாரி வைக்கிற கட்சி ஒன்று உண்டு. நான் அதில் சேரத் தயாராக இல்லை. புது மண்டபம் திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டியது. நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள் வரிசையாக நிற்கிற இடம். அந்த மன்னர்கள் பல தலைமுறையாகப் புத்தகக் கட்டுக்கும் பித்தளைக் குடத்துக்கும் பின்னால் மறைந்து நின்றார்கள். சிற்பத்தில் ஆணி அடிப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. தீயைக் கண்ணால் கண்ட பிறகு, கடை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்கிறவன் மண்டபத்துக்கும் நண்பன் அல்ல, கடைக்காரனுக்கும் நண்பன் அல்ல. சித்திரை வீதியிலும் அப்படித்தான். என் தாயாரைக் கைப்பிடித்து அங்கே அழைத்துப் போனபோது ஹாரன் சத்தம் இல்லாமல் நடக்க முடிந்தது. உச்சி வெயிலில் கல் சுட்டது, அது வேறு. ஆனால் அவர் நடந்தார். பழைய தெருவில் அது முடிந்திருக்காது.

மேலும், ஒப்பாரிக் கட்சிக்காரர்கள் எந்தப் பழைய தெருவுக்காக அழுகிறார்கள்? வெளி வீதியே ஒரு கோட்டையை இடித்துத்தான் பிறந்தது. எழுகடல் தெரு என்று ஒன்று இருக்கிறது. காஞ்சனமாலை நீராட ஏழு கடலும் வந்து சேர்ந்ததாகப் புராணம் சொல்லும் குளத்தின் பெயர் அது. இன்று அந்தத் தெருவில் கடலும் இல்லை, குளமும் இல்லை, கூட்டம்தான் இருக்கிறது. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மேலவாசலில் கோட்டையின் ஒரு துண்டு மிஞ்சி நிற்கிறது. அதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிற ஒருவரையும் நான் கண்டதில்லை. பஸ்ஸைப் பிடிக்க அதைத் தாண்டி ஓடுகிறார்கள். மதுரை இடித்துக் கட்டிக்கொண்டே வந்த ஊர். இடிப்பது அதற்குப் புதிது அல்ல.

ஆகவே என் வருத்தம் இடித்ததைப் பற்றி அல்ல. புதிதாகச் செய்ததை ஒரு புத்தகத்தை விமரிசிப்பது போல விமரிசித்தால் என்ன சொல்லலாம் என்று பார்க்கிறேன். அச்சு நன்றாக இருக்கிறது. அட்டை நன்றாக இருக்கிறது. ஆனால் என் நாலாம் அத்தியாயத்தைப் போல எழுதப்பட்டிருக்கிறது. பார்க்க வருகிறவனை மனத்தில் வைத்துச் செய்த தெரு. அவன் நடப்பான், படம் எடுப்பான், போய்விடுவான். தெருவில் நிற்க வேண்டியவன் ஒருவன் இருக்கிறானே, அவன் இதில் பாத்திரமாகவே இல்லை. மல்லிகைப் பந்தைக் கூடையில் வைத்துக்கொண்டு விற்கிறவள் எங்கே கூடையை இறக்குவாள்? கீழ மாசி வீதியில் மூட்டை இறக்குகிறவர் எங்கே மூச்சு வாங்குவார்? பிளாக்பர்னும் ஏழைகளின் தோழர் அல்ல, அதிகாரிதான். ஆனால் அவருடைய கணக்கில் ஊர்க்காரனுக்கு ஒரு வேலையும், வேலைக்கு ஈடாக ஒரு பிடி மண்ணும் இருந்தன. இன்றைய கணக்கில் அவன் கையில் கொடுத்திருப்பது ஒரு காட்சி.

கேட்பதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தெரு வியாபாரிகளுக்கென்று 2014-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் எழுதியவர், பாவம், தெருவில் நிற்கிறவனைப் பார்த்திருக்கிறார். வரைபடம் எழுதுகிறவர் பக்கத்தில் அந்தச் சட்டப் புத்தகமும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கதை எழுதுகிறவன் பக்கத்திலும்.

மூன்று மாதம் கழித்துப் பெரியவருக்குப் பதில் எழுதாமல் நேரிலேயே போனேன். வாசலில் நின்று பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "கோவிச்சுக்கிட்டீங்களோன்னு பேத்தி பயந்துக்கிட்டே இருந்துச்சு" என்றார். கடை மண்டபத்தை விட்டு மாறுவதற்கு முன்பே அவர் தொழிலை விட்டுவிட்டார். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். மெஷின் மட்டும் வீட்டில் ஜன்னல் ஓரமாக நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நிக்கர் கிழிந்தால் தைத்துக் கொடுப்பாராம்.

சாயங்காலம் இருவரும் நடக்கக் கிளம்பினோம். அவர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் வழி சொன்னவர் அவர்தான். ஒவ்வொரு திருப்பத்தையும் மூக்கால் அறிந்து சொன்னார். இது மிளகாய் வத்தல், இது பேப்பர் கடை, இங்கே ஒரு காலத்தில் எண்ணெய் செட்டு. சித்திரை மாதம் வந்துவிட்டால் பங்குனியிலிருந்தே தூக்கம் கிடையாது என்றார். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் திரியெடுத்து ஆடுகிறவர்களும் உடுத்துகிற உடுப்பெல்லாம் புது மண்டபத்தில்தான் தைத்தாக வேண்டும். வெல்வெட்டுத் துணியும் சரிகைக் கரையும் மண்டபத்துத் தரை முழுக்கப் பரவிக் கிடக்கும். ஆற்றில் அழகர் இறங்குவதை முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் நாலு தடவைதான் பார்த்திருக்கிறார். "நாங்க தைச்ச உடுப்பு பாத்திருக்கும்ல, அது போதும்" என்றார். இதை என் நாவலில் எழுதியிருக்கலாமே என்று எனக்கு அடித்துக்கொண்டது.

மேல மாசி வீதியில் கதர்க் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தியடிகள் சட்டையையும் தலைப்பாகையையும் விட்டு, நாலு முழத் துணிக்கு மாறியது இந்த வீட்டு மாடியில்தான். கீழே துணிக் கடை நடப்பதால் இந்த வீடு மறக்கப்படாமல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. உள்ளே வந்து துண்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், விலை கேட்கிறார்கள், மாடியைப் பற்றியும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். பூட்டி வைத்துப் பலகை மட்டும் மாட்டியிருந்தால் யார் நிற்பார்கள்? பெரியவருக்கு இது வேறு விதமாகப் பட்டது. "சட்டையே வேண்டாம்னு ஒருத்தர் சொன்ன தெரு இது. தையக்காரனுக்கு நல்ல சகுனமா தம்பி?" என்றார்.

புதுத் தெரு எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்டேன். என் வாய்க்கு ருசியாக ஒரு குறை சொல்வார் என்று காத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"நல்லாத்தான் இருக்கு. கல்லு தடுக்கல. முன்னெல்லாம் சாக்கடையில கால் விடாம வீட்டுக்குப் போனா அன்னிக்கு சாமி கும்பிடணும்" என்றார். சற்று நடந்தபின், "நிக்கத்தான் தோதில்ல" என்றார்.

அது உண்மைதான் என்பது உடனேயே தெரிந்தது. பேசிக்கொண்டே நின்ற எங்களை நடைபாதையில் வந்தவர்கள் தோளால் ஒதுக்கினார்கள். கீழே இறங்கினால் மோட்டார் சைக்கிள். ஒரு துணிக்கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. அதன் படியில் ஏறி ஒண்டிக்கொண்டோம். பெரியவர் இடுப்பு மடியிலிருந்து எதையோ எடுத்தார். அளவு நாடா. நுனியில் எண்கள் தேய்ந்து போயிருந்தன.

"கடுதாசியிலேயே சொன்னேன்ல" என்று என் தோள் மேல் கையை வைத்தார். நேராக நிற்கச் சொன்னார். நாடா தோளுக்குக் குறுக்கே ஓடியது. எண்ணைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை. விரலால் தடவிச் சொன்னார். கடையைச் சாத்திக்கொண்டிருந்த பையன் எட்டிப் பார்த்தான்.

"பதினேழரை. எழுதிக்கங்க தம்பி" என்றார். "கழுத்து பதினஞ்சரை. முழுக்கையா, அரைக்கையா?"

அரைக்கை என்றேன். சித்திரைக்கு முன்னால் கேட்கக் கூடாது என்றார்.